பதினான்காம் மூடி

நகரத் தெருக்களில் மறுபடி கார்ப் பந்தயம் நடத்துவதென்று முடிவானபோது, மாநகராட்சி சாலைப் பிரிவில் டிராப்ட்ஸ்மேனாக இருந்த என்னிடம் இரண்டு வேலைகள் வந்து சேர்ந்தன. ஒன்று, பந்தயப் பாதையின் வரைபடம். மற்றது, அந்தப் பாதையின் பழைய வரலாற்றை முப்பது பக்கத்தில் எழுதித் தருவது. வரைபடம் என் பிழைப்பு. வரலாறு என் தலையில் விழுந்ததற்குக் காரணம், ரெக்கார்டு ரூம் தூசிக்கு மூக்கைக் கொடுக்க வேறு யாரும் தயாராக இல்லாததுதான்.

வரலாறு முதலில் சுவையாகத்தான் இருந்தது. இரண்டு கார் பட்டறைக்காரர்கள் யாருடைய வண்டி வேகம் என்று வாய்ச்சண்டை போட்டு, அது முற்றி, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நீதிமன்றச் சாலையில் ஓட்டியே பார்த்துவிடுவதென்று ஆகியிருக்கிறது. அந்த வருஷம் போலீஸ் துரத்தியது. அடுத்த வருஷம் அதே போலீஸ் கயிறு கட்டிக் கூட்டத்தை ஒதுக்கியது. ரயில் நிலையத்தின் முன்னால் புறப்பட்டு, நீதிமன்றச் சாலையில் நேராகப் போய், பாலத்தடியில் நுழைந்து வெளியே வந்து, தபால் நிலையத்தை ஒட்டி வெடுக்கென்று இடதுபக்கம் திரும்பி, மறுபடி ரயில் நிலையம். ஒரு சுற்று மூன்று கிலோமீட்டரும் கொஞ்சமும். தடுப்புக்கு வைக்கோல் கட்டும் மணல் மூட்டையும். மொட்டைமாடிகளில் இடம்பிடிக்க விடியும் முன்பே ஆள் ஏறிவிடுமாம். பதினோரு வருஷம் இப்படி நடந்தது. பதினோராவது வருஷம், ‘கீரி’ என்று ஊரே கூப்பிட்ட பட்டறைக்காரர் தபால் நிலையச் சுவரில் மோதி இறந்துபோனார். அத்தோடு பந்தயம் நின்றது. முப்பத்தொரு வருஷமாக யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

விசாரணை அறிக்கை மூன்றே பக்கம். ஓட்டியவரின் அளவுக்கு மீறிய வேகமே விபத்துக்குக் காரணம். சாலையில் குறை ஏதும் இல்லை. மேன்ஹோல் மூடிகள் இருபத்துமூன்றும் அதனதன் இடத்தில் இருந்தன.

கடைசி வரி என்னை உறுத்தியது. மூடிகளைப் பற்றி யாரோ எதையோ சொல்லாமல், அறிக்கை எதற்காக மூடிகளைப் பற்றிப் பேச வேண்டும்? தெருவில் பந்தயம் நடத்துகிறவர்கள் முதலில் செய்கிற வேலை, பாதையில் இருக்கும் எல்லா மூடிகளையும் வெல்டிங் வைத்து அசையாமல் செய்துவிடுவது. இல்லாவிட்டால் வேகமாக வரும் சக்கரம் ஓரத்தில் ஏறியதும் அறுபது கிலோ இரும்பும் தட்டுப்போலக் கிளம்பிவிடும். அந்த வெல்டிங் கணக்கைப் பார்க்கலாமென்று சாலைப் பணிப் பதிவேட்டை எடுத்தேன்.

நாற்பத்தாறாம் பக்கத்தில், பந்தயத்துக்கு முந்தின நாள், இருபத்துமூன்று மூடிகளும் வெல்டிங் ஆனதாக எழுதியிருந்தது. அடுத்த பக்கத்தின் எண் நாற்பத்தொன்பது. அதில் வைக்கோல் கட்டுகளை அப்புறப்படுத்திய விவரம். நடுவில் ஒரு தாள் இல்லை. கிழிக்கப்படவில்லை, பிளேடு வைத்து, தையல் ஓரமாக, பொறுமையாக அறுக்கப்பட்டிருந்தது. பந்தய நாளின் தாள் அது.

பதிவேடு முழுக்க ஒரே கையெழுத்து. ‘ழ’வின் கால் அடுத்த வரியைத் தொடுகிற அந்தக் கையெழுத்தில்தான் என் பள்ளிக்கூட நோட்டு அட்டைகளில் என் பெயர் எழுதியிருக்கும். அன்றைய சாலை ஓவர்சியர் என் பெரியப்பா.

பெரியப்பா கல்யாணம் செய்துகொள்ளாதவர். அப்பா போன பிறகும் எங்களோடுதான் மாடி அறையில் இருந்தார். எழுபத்தோரு வயதிலும் செய்தித்தாளை மடிப்புக் கலையாமல் படித்து, மடிப்புக் கலையாமல் திருப்பித் தருகிற மனிதர். அவரிடம் நேராகக் கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை. முதலில் கையில் ஏதாவது வைத்துக்கொள்ள வேண்டுமென்று தோன்றியது. அந்த நினைப்பு வந்தபோதே நான் அவரைக் குற்றவாளியாக்கிவிட்டேன் என்பது பின்னால்தான் புரிந்தது.

கையில் கிடைத்தது ஒரு புகைப்படம். பழைய செய்தித்தாள் கட்டில், தபால் நிலையச் சுவரில் முட்டி நின்ற காரும், அதைச் சுற்றி ஓடிவரும் ஜனமும். படத்தின் கீழ் மூலையில், வெறும் சாலையில், ஒரு கறுப்பு வட்டம். எண்ணெய்க் கறையாக இருக்கலாம். நான் பூதக்கண்ணாடியை வைத்து, சுவரின் ஜன்னல்களைக் கொண்டு தூரத்தைக் கணக்கிட்டு, பழைய வரைபடத்தில் புள்ளி வைத்தேன். புள்ளி பதினான்காம் எண் மூடியின் மேல் உட்கார்ந்தது. கறை இவ்வளவு சரியாக ஓர் இடம் பார்த்து விழாது. படம் எடுத்தபோது அந்த மூடி திறந்திருந்தது. விசாரணைக்காரர்கள் வந்தபோது மூடியிருந்தது.

அன்று மாலை பெரியப்பாவிடம் பேச்சுவாக்கில் கேட்பதுபோல, தபால் நிலைய வளைவில் மூடிகளெல்லாம் எப்படி இருந்தன என்றேன். அவர் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“மேப்பு போடச் சொன்னா மேப்பப் போடு,” என்றார்.

கீரியின் தங்கை இன்னும் அந்த வளைவிலேயே இருந்தார். தபால் நிலையத்துக்கு எதிரே டயர்க்கடை. அவரும் அவருடைய கணவரும் நடத்தினார்கள். கடைக்கு முன்னால் கான்கிரீட் தடுப்பு வைக்க அவருடைய சம்மதக் கையெழுத்து வேண்டும். இரண்டு முறை போன ஆட்களைத் திருப்பி அனுப்பிவிட்டார் என்றார்கள். நானே படிவத்தோடு போனேன்.

ஐம்பத்தைந்து வயது இருக்கும். கையில் டயர் கறுப்பு ஏறிப்போய், நகம் மட்டும் சுத்தமாக இருந்தது. ரேஸ் என்றாலே தனக்கு ஆகாது, கையெழுத்தெல்லாம் கிடையாது என்று நின்றபடியே முடித்துவிட்டார். வந்த வழியே போயிருப்பேன். எதற்கோ என் வீட்டைப் பற்றிக் கேட்டார். பெரியப்பா யாரென்று சொன்னேன். அந்த அம்மாளின் முகமே வேறானது. ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். அவர் நன்றாக இருக்கிறாரா, கண் தெரிகிறதா, மாடிப்படி ஏறுகிறாரா என்று விசாரித்தார். உள்ளே ஒரு லாரி டயரை நெம்பிக்கொண்டிருந்த அவருடைய கணவர், பெரியப்பாவின் பேச்சு வந்ததும் நெம்புகோலைக் கீழே வைத்துவிட்டுப் பின்பக்கமாகப் போனார். நான் கிளம்பும்வரை திரும்பி வரவில்லை.

பக்கத்துக் கடைக்காரர் சொன்னதில், அந்தக் கணவர் ஒரு காலத்தில் தொலைபேசி இலாகாவில் லைன்மேன். கீரியின் சிநேகிதர். கல்யாணமான கையோடு நிரந்தர வேலையை விட்டுவிட்டு டயர் கழற்ற வந்துவிட்டாராம். எனக்குத் தலைக்குள் பூச்சி ஊர ஆரம்பித்தது. அண்ணன் சாவுக்குக் காரணமான ஓவர்சியரை ஒரு தங்கை எதற்காக இவ்வளவு அக்கறையாக விசாரிக்கிறாள்? பெரியப்பா ஏன் கல்யாணமே செய்துகொள்ளவில்லை? கணவர் ஏன் எழுந்து போனார்? வீட்டுக்கு நடந்து வருவதற்குள் நான் ஒரு முழுக் கதையே கட்டிவிட்டேன். அதை இப்போது சொல்ல நாக்கு கூசுகிறது.

ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா முடிவெட்டக் கிளம்பினார். அவர் தெருமுனை திரும்பியதைப் பார்த்துவிட்டு மாடி ஏறி அவருடைய டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். சட்டைகள், ஓய்வூதியப் புத்தகம், அப்பாவின் பள்ளிச் சான்றிதழ். அடியில் ஒரு பழுப்பு உறை. அதில் இலாகா உத்தரவு ஒன்று: பணிப் பதிவேட்டிலிருந்து ஒரு தாளை அறுத்து எடுத்த குற்றத்துக்காக ஓவர்சியர் பதவியிலிருந்து இறக்கி, சாமான் கிடங்குக்கு மாற்றப்படுகிறார். அதோடு பின் குத்தியிருந்தது அவருடைய பதில் கடிதத்தின் நகல். ஒரே வரி. ‘அறுத்தது நான்தான், விளக்கம் ஏதுமில்லை.’

சலூன் கதவு சாத்தியிருந்ததாம். நான் காகிதத்தோடு நிமிர்ந்தபோது அவர் வாசற்படியில் நின்றார்.

“தேடினது கெடச்சுதா?” என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. ஆனால் கூச்சத்தைக் காட்டிக்கொள்ளாமல் கோபமாக மாற்றிக்கொண்டேன். “பதினாலாவது மூடி தெறந்து கெடந்துது பெரியப்பா. அந்தப் பக்கத்த அறுத்தது நீங்க. அப்போ அந்த ஆளு செத்ததுக்கு யாரு காரணம்?”

“உனக்குதான் எல்லாம் தெரிஞ்சுபோச்சே. எழுதிக்கோ.”

“நீங்க சொல்லுங்க.”

“சொல்றதுக்கு எங்கிட்ட ஒண்ணும் இல்லம்மா,” என்றார். பெட்டியருகே உட்கார்ந்து, நான் கலைத்த சட்டைகளை ஒவ்வொன்றாக மடித்தார். அன்றிலிருந்து தட்டைத் தானே வந்து எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்ச் சாப்பிட்டார்.

எழுதினேன். பதினான்காம் மூடி சரியாக வெல்டிங் செய்யப்படாமல் கிளம்பியிருக்க வேண்டும், பொறுப்பான ஓவர்சியர் பதிவை அழித்து அதை மறைத்திருக்க வேண்டும் என்று ஒரு பத்தி. சொந்தப் பெரியப்பாவையே விட்டுவைக்காத நேர்மை என்று உள்ளுக்குள் ஒரு பெருமையும் இருந்தது. எங்கள் பிரிவின் செயற்பொறியாளர் படித்துவிட்டு, பிரமாதம், அப்படியே போகட்டும் என்றார். மற்றப் பக்கங்களில் முற்றுப்புள்ளிக்கெல்லாம் சண்டை போட்ட மனிதர் அவர். இந்தப் பத்தியில் மட்டும் ஒரு எழுத்தை மாற்றவில்லை. ஓய்வுபெற்ற ஒற்றை ஆள், இலாகாவுக்கு நோகாது, பந்தயக் குழுவுக்கும் நோகாது. எல்லோருக்கும் இவ்வளவு வசதியாக இருக்கிற உண்மையின் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. முதல் தடவையாக என் எழுத்தின் மேலேயே வந்தது.

அச்சுக்குப் போகும் முன் இறந்தவரின் வீட்டாரிடம் காட்ட வேண்டுமென்று சொல்லிவிட்டு, தாளை எடுத்துக்கொண்டு டயர்க்கடைக்குப் போனேன். பட்டப்பகல். லைன்மேன் ஒரு டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பத்தியை இரண்டு முறை படித்தார்.

“இத அவர் படிச்சாரா?”

இல்லை என்றேன்.

“கேட்டதுக்கு என்ன சொன்னார்?”

சொல்ல ஒன்றும் இல்லையென்றார் என்றேன்.

அந்த அம்மாள் ஏணி வைத்துப் பரண் ஏறி, பழைய ரசீதுகள் இருந்த தகர டப்பாவிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்துவந்தார். என்னிடம் தருவாரென்று கையை நீட்டினேன். அவர் கணவரிடம் போனார்.

“கையத் தொடச்சுட்டு இதப் படிங்க.”

லைன்மேன் படித்தார். படிக்கப் படிக்க அவர் கழுத்து கீழே இறங்கிக்கொண்டே போனது. பிறகு தாள் எனக்கு வந்தது. நாற்பத்தேழாம் பக்கம். ‘ழ’வின் கால் அடுத்த வரியைத் தொட்டது.

‘காலை 6.40: ஒலிபெருக்கிக் கம்பி கொண்டுபோகத் தொலைபேசிப் பணியாளர் 14ஆம் மூடியின் வெல்டிங்கை உடைத்துத் திறந்துள்ளார். மறுபடி பற்றவைக்கும்படி வெல்டரிடம் சொல்லப்பட்டது. 8.15: வெல்டர் வரவில்லை. மூடி வெறுமனே வைக்கப்பட்டுள்ளது. பந்தயச் செயலாளரிடம் நேரில் தெரிவித்தேன். தாமதிக்க முடியாது என்றார். 8.30: பந்தயம் தொடக்கம்.’

“இது எப்பலேர்ந்து உங்கிட்ட இருக்கு?” என்று லைன்மேன் கேட்டார்.

“நம்ம கல்யாணத்துக்கு மூணு மாசம் முன்னாடிலேர்ந்து.”

அந்த அம்மாள் எனக்கு விவரமாகச் சொன்னார். விபத்து நடந்த மூன்றாம் நாள் பெரியப்பா வீட்டுக்கு வந்தாராம். உங்கள் அண்ணன் மேல் தவறில்லை, மறுநாள் விசாரணையில் இதைக் கொடுக்கப் போகிறேன் என்று பதிவேட்டைத் திறந்து காட்டியிருக்கிறார். அண்ணன் உயிரோடு இருந்தபோதே பேசி முடித்த சம்பந்தம் இந்த லைன்மேன். வீட்டில் வேறு பெரியவர்கள் கிடையாது. அந்தத் தாளைக் கொடுத்தால் இருக்கிற ஒரு மனிதனும் ஜெயிலுக்குப் போவான். இருபத்துநாலு வயதுப் பெண் அழாமல் யோசித்து, அந்தத் தாளைத் தன்னிடம் கொடுத்துவிடும்படி கேட்டிருக்கிறார். பெரியப்பா, வீட்டில் பிளேடு இருக்கிறதா என்று கேட்டாராம்.

“அண்ணனுக்கு வர்ற கெட்ட பேர அப்புறம் எப்படியாவது தொடச்சுக்கலாம்னு நெனச்சேன். தொடைக்கவே இல்ல,” என்றார்.

ஒலிபெருக்கிக் கம்பியைச் சுற்றிக் கொண்டுபோக எட்டு மீட்டர் குறைந்தது என்றார் லைன்மேன். சாலையின் குறுக்கே போடக்கூடாது என்பதால் சாக்கடை வழியாக விட்டிருக்கிறார். யாரும் உத்தரவு போடவில்லை. வெல்டர் இதோ வருகிறேன் என்றாராம். முன்னால் போன காரின் சக்கரம் ஏறி மூடி எகிறியது. பின்னால் வந்த கீரியின் முன்சக்கரம் குழிக்குள் இறங்கியது. லைன்மேன் அதைக் கண்ணால் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார்.

நான் புகைப்படத்தை எடுத்துக் காட்டி, படத்தில் திறந்திருந்த மூடியை விசாரணைக்கு முன் யார் மூடியது என்று கேட்டேன். பெரியப்பாவாக இருக்குமென்று அப்போதும் நினைத்தேன்.

லைன்மேன் அந்தக் கறுப்பு வட்டத்தின் மேல் விரலை வைத்தார். “நான்தான். எல்லாரும் வண்டிக்கிட்ட ஓடினாங்க. நான் மூடிகிட்ட ஓடினேன். உருட்டிக் கொண்டாந்து எடத்துல வெச்சுட்டுதான் அவன்கிட்ட போனேன்.”

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார்.

“தெறந்தது தெரியும். மூடினது தெரியாது,” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “எல்லாத்தையும் எழுதும்மா. இதையும் சேத்து,” என்றார்.

லைன்மேன் அன்றைக்கே என் எதிரில் உட்கார்ந்து வாக்குமூலம் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தார். செயற்பொறியாளர் இப்போதுதான் பேனாவை எடுத்தார். பந்தயச் செயலாளர் பற்றிய வரி வேண்டாம், எட்டேகால் மணி வேண்டாம், மொத்தப் பத்தியுமே வேண்டாம் என்றார். அப்படியானால் பதினான்காம் மூடி இருக்கிற பாதை வரைபடத்தில் என் கையெழுத்தும் வேண்டாமா என்று கேட்டேன். நாலு நாள் இழுபறிக்குப் பிறகு, பணியாளர் பெயர் இல்லாமல், மற்றதெல்லாம் இருக்க, அச்சானது. கீரியின் பெயருக்குப் பக்கத்தில் முப்பத்தொரு வருஷமாக ஒட்டிக்கொண்டிருந்த ‘அளவுக்கு மீறிய வேகம்’ போய்விட்டது. டயர்க்கடைச் சம்மதமும் கிடைத்தது. பதினான்காம் மூடிக்கு வெல்டிங் வைத்தபோது அந்த அம்மாள் பக்கத்திலேயே நின்று, நாலு இடத்தில் பற்றவைத்த வெல்டரை ஆறு இடத்தில் பற்றவைக்கச் சொன்னார். அடுத்து நான் போனபோதெல்லாம் கணவனும் மனைவியும் ஒரே டயரின் இரண்டு பக்கமும் நின்று, பேசாமல் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேசாமல்தான், ஆனால் ஒரே டயர்.

புத்தகத்தை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். பெட்டியைத் திறந்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். பெரியப்பா தலையை மட்டும் ஆட்டினார். அது சரியென்ற ஆட்டமா போதுமென்ற ஆட்டமா என்று தெரியவில்லை. அந்தப் பெண்ணுக்காகப் பதவியையே விட்டீர்களே என்றேன். சொன்னதும் அவர் முகம் சுருங்கியது.

“அந்தப் பக்கத்துல எட்டேகால் மணின்னு எழுதியிருக்கே, பாத்தியா? தெரிஞ்சும் சும்மா நின்னவன் நான். நடுரோட்டுல போய் உக்காந்திருந்தா வண்டியே பொறப்பட்டிருக்காது. அவ கேட்டதுக்காகக் குடுத்தேனா, என் பேரும் அதுல இருக்கேன்னு குடுத்தேனா... இன்னைக்கு வரைக்கும் எனக்கே தெரியாதும்மா.”

நான் ஏதோ ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். என் வாய்க்கு அந்த உரிமை இல்லையென்று தோன்றியது. எதிரில் உட்கார்ந்தேன். அவர் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து, மடிப்புக் கலையாமல், ஒரு வரி விடாமல் படித்தார். தபால் நிலையப் பத்தியை மற்றப் பத்திகளின் வேகத்திலேயே கடந்தார். ஒரு மணி நேரம் போயிருக்கும்.

“ஒம்பதாம் பக்கம் தப்பு,” என்றார். “பாலத்தடியில தடுப்புச் சுவர் கட்டினது நாலாவது பந்தயத்துக்கு. நீ அஞ்சாவதுன்னு போட்டிருக்க.”

மறுநாள் ரெக்கார்டு ரூமில் சரிபார்த்தேன். நாலாவதுதான்.